செரிக்குமா, செரிக்காதா? கைக்குத்தல் அரிசிப் பஞ்சாயத்து

எங்க ஐயம்பேட்டையில இப்போ ரெண்டு கட்சி இருக்கு. திமுக, அதிமுக இல்லீங்க. வெள்ளை அரிசிக் கட்சி, கைக்குத்தல் அரிசிக் கட்சி.

முதல் கட்சிக்காரங்க சொல்றது இது: "அந்தத் தவிட்டு அரிசி வயித்துல செரிக்கவே செரிக்காது. தின்னது அப்படியே வெளிய போயிடும். உடம்புல ஒட்டாது. தறியில உக்கார்ற ஆளுக்குத் தெம்பு வேணாமா?" ரெண்டாவது கட்சி வாட்ஸப் படிச்ச கட்சி. அவங்க சொல்றது: "கைக்குத்தல் அரிசியில கலோரியே கிடையாது. எவ்வளவு வேணா சாப்பிடலாம். உடம்பு இளைக்கும், சர்க்கரை ஓடியே போயிடும்."

நல்லா யோசிச்சுப் பார்த்தா ரெண்டு கட்சியும் ஒரே விஷயத்தைத்தான் சொல்லுது. அந்த அரிசியில இருந்து உடம்புக்குக் கிடைக்கிற சக்தி கம்மி. ஒருத்தருக்கு அது குறை, இன்னொருத்தருக்கு அது நிறை, அவ்வளவுதான் வித்தியாசம். அந்த அடிப்படைக் கணக்கே சரியில்லைங்கறதுதான் இந்தப் பதிவு.

ஊர் தெரியாதவங்களுக்கு ரெண்டு வரி. காஞ்சிபுரத்துல இருந்து வாலாஜாபாத் போற ரோட்ல, முத்தியால்பேட்டையை ஒட்டி இருக்கு எங்க ஊர். பட்டு நெசவு. காலையில குழித்தறியில காலை விட்டு உக்காந்தா, சாப்பாட்டுக்கு எழுந்து, திரும்ப உக்காந்து, சாயங்காலம் வரைக்கும் அதே இடம்தான். மிதியில காலும் நாடாவுல கையும் ஓடிக்கிட்டே இருக்கும், இடுப்பு மட்டும் அசையாது. சுத்தி ஏரிப் பாசனம், நெல்லு விளையற பூமி. ஆனா நெசவு வீட்ல நெல்லு விளையாது, கூலிப் பணத்துல அரிசி வாங்கணும். தட்டுல முக்கால்வாசி சோறு. அரிசி சோத்துக்கு மட்டுமில்ல, தெருவுல பாவு விரிச்சா அதுக்கும் அரிசிக் கஞ்சிதான். எங்க தெருவுல சர்க்கரை மாத்திரை போடாத வீடு எதுன்னு விரல் விட்டு எண்ணிடலாம். அதனால அரிசிப் பேச்சு எங்க ஊர்ல பொழுதுபோக்குப் பேச்சு கிடையாது.

சரி, அரிசிக்குள்ள போவோம்.

நெல்லை உடைச்சா வெளிய உமி. எடையில அஞ்சுல ஒரு பங்கு அதுவே போயிடும். உள்ள இருக்கிற பழுப்பு அரிசி மேல மெல்லிசா தவிட்டுத் தோல். அரிசியோட ஒரு ஓரத்துல, நெல்லு முளைக்கிற இடத்துல, சின்னதா ஒரு புள்ளி. அதுதான் முளை. மொத்த அரிசியில ரெண்டு மூணு சதவீதம்கூட தேறாது. மீதி எல்லாம் மாவு. பையில இருக்கிற வெள்ளைப் பொன்னியை எடுத்து வெளிச்சத்துல பாருங்க, ஒரு மூலையில கடிச்ச மாதிரி சின்ன பள்ளம் தெரியும். முளை இருந்த இடம் அது. மில்லுல தீட்டும்போது முதல்ல கழண்டு விழறதே அதுதான்.

ஆயா காலத்து உரல் உலக்கையில குத்தினா தவிடு முழுசாப் போகாது, முளையும் பாதிக்கு மேல ஒட்டிக்கிட்டு இருக்கும். இப்போ 'கைக்குத்தல்'னு பாக்கெட்ல போட்டு விக்கிறாங்களே, அதுல பெரும்பாலானதுக்கும் உலக்கைக்கும் ஸ்நானப் பிராப்தி கிடையாது. ரப்பர் உருளை மெஷின்ல உமியை மட்டும் நீக்கின அரிசி அது. தப்பில்ல, உள்ள இருக்கிற சரக்கு அதேதான். ஆனா உலக்கைப் படம் போட்டதுக்குத் தனி ரேட்டு :-)

இப்போ கலோரிக் கணக்கு.

ஹைதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2017ல வெளியிட்ட இந்திய உணவு அட்டவணையில 100 கிராம் பழுப்பு அரிசிக்கு சுமார் 354 கலோரி. வெள்ளைப் பச்சரிசிக்கு 356. வெள்ளைப் புழுங்கலுக்கு 352. பாத்தீங்களா? வாட்ஸப் கட்சிக்காரங்க கவனிக்கணும்: ரெண்டே ரெண்டு கலோரி வித்தியாசம். 'கலோரியே இல்லாத அரிசி'ன்னு ஒண்ணு உலகத்துல கிடையாது.

"சரிப்பா, அட்டவணையில இருக்கும். வயித்துல ஒட்டணுமே?"ன்னு முதல் கட்சி கேக்கும். ரொம்ப சரியான கேள்வி. ஏன்னா அட்டவணையில இருக்கிற கலோரி யாரோட வயித்துலயும் அளந்தது இல்ல. புரதம் இவ்வளவு, கொழுப்பு இவ்வளவு, மாவு இவ்வளவுன்னு ஆய்வுக்கூடத்துல கண்டுபிடிச்சு, ஒவ்வொண்ணையும் ஒரு எண்ணால பெருக்கிக் கூட்டினது. அந்தப் பெருக்கல் எண்ணுக்கு மூலம் அமெரிக்காவுல 1890கள்ல வில்பர் அட்வாட்டர்னு ஒருத்தர் செஞ்ச வேலை. ஆளுங்களுக்கு அளந்து சாப்பாடு போட்டு, அவங்க கழிவையும் சேகரிச்சு எரிச்சு, உள்ள போனதுல எவ்வளவு வெளிய வந்துச்சுன்னு கழிச்சுப் பார்த்தார். கேக்க அருவருப்பா இருக்கும், ஆனா 'செரிச்சுதா இல்லையா'ங்கற கேள்விக்கு நேர்மையான பதில் அந்தப் பக்கம்தான் இருக்கு. அப்புறம் 1955ல அமெரிக்க விவசாயத் துறையில மெரில், வாட்னு ரெண்டு பேர் இந்த மாதிரி சோதனைகளை எல்லாம் தொகுத்து தானியம் தானியமா எண் போட்டாங்க. பழுப்பு அரிசியில மாவு 98 சதவீதம் செரிக்கும், வெள்ளையில 99. புரதம் பழுப்புல 75 சதவீதம், வெள்ளையில 84.

ஆக, முதல் கட்சி சொல்றதுல உண்மை கொஞ்சம் இருக்கு. மாவுல ஒரு சதவீதம். புரதத்துல ஒன்பது சதவீதம். இதை நம்ம தட்டுல வச்சுப் பார்ப்போம்.

ஒரு நாளைக்கு 400 கிராம் அரிசி சாப்பிடற ஆளை எடுத்துக்கோங்க (எங்க ஊர்ல இது சாதாரணம்). அந்த செரிமான எண்களை வச்சுப் பெருக்கிப் பார்த்தா 100 கிராமுக்கு நாலு கலோரிதான் வித்தியாசம் வருது. 400 கிராமுக்கு 16 கலோரி. அதாவது ஒரு சின்ன ஸ்பூன் சர்க்கரை. எங்க ஊர் டீக்கடையில ஒரு டீக்கு அதைவிட அதிகமா போடுவாங்க. தறியில அஞ்சாறு நிமிஷ வேலைக்குக்கூட வராது. 'தெம்பு இருக்காது'ங்கற பேச்சு இங்கயே முடிஞ்சுது.

புரதம் இன்னும் வேடிக்கை. பழுப்பு அரிசியில செரிமானம் கம்மின்னாலும் இருப்பு அதிகம். 100 கிராமுக்கு 9.2 கிராம், வெள்ளையில 7.9. 400 கிராமுக்குப் போட்டா பழுப்புல இருந்து உடம்புக்குப் போறது 27 கிராம் சில்லறை, வெள்ளையில 26 கிராம் சில்லறை. ஒன்பது சதவீதம் குறைவா செரிச்சும் கடைசியில ஒரு கிராம் கூடத்தான் நிக்குது. சதவீதத்தை மட்டும் பார்த்து சண்டை போட்டா இப்படித்தான் ஆகும்.

ஜப்பான்ல 1986ல இளைஞர்களுக்கு பழுப்பு அரிசியும் வெள்ளை அரிசியும் மாத்தி மாத்திக் கொடுத்து சோதிச்சிருக்காங்க. பழுப்பு அரிசியில மலத்தோட எடை கூடுச்சு. சக்தி, புரதம், கொழுப்பு மூணும் செரிக்கிற விகிதம் குறைஞ்சுது. திசை அதேதான். அமெரிக்காவுல டஃப்ட்ஸ் பல்கலைக்கழகத்துல 2017ல 81 பேருக்கு ஆறு வாரம் முழுத்தானியச் சாப்பாடும் தீட்டின தானியச் சாப்பாடும் கொடுத்துப் பார்த்தப்போ, முழுத்தானியக்காரங்களுக்கு நாளைக்கு 92 கலோரி அளவுக்கு இழப்பு கூட இருந்துச்சு. அது அரிசி மட்டும் இல்ல, கோதுமை அது இதுன்னு எல்லாம் சேர்ந்த சாப்பாடு. கழிவுல போனதும், உடம்பு சும்மா இருக்கும்போது கொஞ்சம் கூடுதலா எரிச்சதும் சேர்ந்த கணக்கு அது. 92 கலோரிங்கறது ஒரு பெரிய இட்லி ஒண்ணரை. அதை வச்சு இளைக்கலாம்னு நம்பறவங்க சட்னிக்கு எத்தனை ஸ்பூன் எண்ணெய் தாளிக்கிறாங்கன்னு பார்த்துட்டு வரட்டும்.

அப்போ எங்க சித்தி "சாப்ட்டா மதியம் வரைக்கும் வயித்துலயே கல்லு மாதிரி நிக்குதுடா"ன்னு சொல்றது பொய்யா? இல்லவே இல்ல. அவங்க சொல்றது நூத்துக்கு நூறு நிஜம். குழப்பம் வேற இடத்துல இருக்கு.

'செரிக்கறது'ன்னு நாம ஒரே வார்த்தையில ரெண்டு விஷயத்தைச் சொல்றோம். ஒண்ணு, எவ்வளவு சீக்கிரம் செரிக்குது. இன்னொண்ணு, கடைசியில எவ்வளவு செரிக்குது. கைக்குத்தல் அரிசி மெதுவா செரிக்கும், ஆனா கிட்டத்தட்ட முழுசா செரிக்கும். 2018ல பர்டியூ பல்கலைக்கழக ஆட்கள் இதைத் தனியா சோதிச்சாங்க. பழுப்பு அரிசி இரைப்பையை விட்டு இறங்க வெள்ளை அரிசியைவிட அதிக நேரம் எடுக்குது. தவிட்டுத் தோல் இருக்கிறதால தண்ணி உள்ள இறங்கறது மெதுவு, அரிசி வேகறதும் மெதுவு, வயித்துல உடையறதும் மெதுவு. அதுதான் கல்லு மாதிரி நிக்கிறது. சக்தி ஒட்டலைங்கறது வேற, நிதானமா வருதுங்கறது வேற. சம்பளம் ஒரே நாள்ல வந்தாலும் வாரா வாரம் வந்தாலும் மாசத்துக்கு அதே தொகைதானே? செலவு பண்ற விதம்தான் மாறும்.

இன்னொண்ணும் சொல்லணும். 'வெளிய போயிடுது'ங்கறதை எங்க ஊர்க்காரங்க குறையா சொல்றது எனக்குப் புரியவே மாட்டேங்குது. நாள் முழுக்கக் குழியில உக்காந்து வேலை செய்யற ஊர்ல மலச்சிக்கல், மூலம் ரெண்டும் வாயைத் திறந்து யாரும் சொல்லாத வியாதி. கொஞ்சம் வெளிய போகட்டுமே சாமி!

இப்போ முளைக்கு வர்றேன். கலோரிச் சண்டையில ரெண்டு கட்சியும் மறந்துட்ட ஆள் அதுதான்.

ஜாவா தீவுல, அப்போ டச்சுக்காரங்க ஆட்சி, பெரிபெரி வியாதியில சிறையிலயும் ராணுவத்துலயும் ஜனங்க கொத்துக் கொத்தா கால் செத்து, இதயம் நின்னு போயிட்டு இருந்தாங்க. கிறிஸ்டியான் ஐக்மன்னு ஒரு டாக்டர் கிருமியைத் தேடிக்கிட்டு இருந்தப்போ, அவர் வளர்த்த கோழிகளுக்கும் அதே மாதிரி கால் இழுத்துக்குச்சு. கொஞ்ச நாள்ல தானாவே சரியாச்சு. விசாரிச்சா, ராணுவ ஆஸ்பத்திரி சமையல்ல மிஞ்சின வெள்ளைச் சோறு கோழிக்குப் போயிட்டு இருந்திருக்கு. புதுசா வந்த சமையல்காரர் "ராணுவத்துச் சோத்தை சிவிலியன் கோழிக்குப் போட முடியாது"ன்னு நிறுத்திட்டார். கோழி தவிட்டு அரிசிக்குத் திரும்புச்சு, பிழைச்சுது. அந்தப் பேர் தெரியாத சமையல்காரரோட கறார்த்தனம் இல்லேன்னா ஐக்மனுக்கு 1929ல நோபல் பரிசு வந்திருக்குமான்னு எனக்குச் சந்தேகம்தான். தவிட்டுலயும் முளையிலயும் இருந்த அந்தப் பொருள்தான் தயமின், அதாவது வைட்டமின் பி1.

இதுல நம்மாளுங்க பங்கு இருக்கு, அது பலருக்குத் தெரியாது. மலாயாவுல தோட்டத்துக்கும் சுரங்கத்துக்கும் போன கூலிக்காரங்கள்ல சீனர்களுக்கு பெரிபெரி வந்துச்சு, தமிழர்களுக்கு அவ்வளவா வரல. காரணம் புரியாம வெள்ளைக்கார டாக்டர்கள் தலையைப் பிச்சுக்கிட்டாங்க. சீனர்கள் சாப்பிட்டது சயாம்ல இருந்து வந்த தீட்டின பச்சரிசி. நம்மாளுங்க சாப்பிட்டது ஊர்ல இருந்து கப்பல்ல வந்த புழுங்கல். கோலாலம்பூர் மனநல விடுதியில 1905ல வில்லியம் ஃப்ளெட்சர்ங்கற டாக்டர் பாதிப் பேருக்கு அந்த அரிசி, பாதிப் பேருக்கு நம்ம புழுங்கல்னு போட்டுப் பார்த்தார். தீட்டின பச்சரிசிப் பக்கம் முப்பது பேருக்கு மேல பெரிபெரி, அதுல 18 சாவு. புழுங்கல் பக்கம் ரெண்டே பேர், அவங்களும் வரும்போதே வியாதியோட வந்தவங்க. (இந்தக் காலத்துல இப்படி ஒரு சோதனை பண்ணினா ஜெயில்தான். அது வேற கதை.)

நெல்லை ஊற வச்சு அவிக்கும்போது தவிட்டுல, முளையில இருக்கிற பி1 கரைஞ்சு அரிசிக்குள்ள இறங்கி ஒட்டிக்குது. அப்புறம் தீட்டினாலும் முழுசாப் போகாது. அதே 2017 அட்டவணையில பாருங்க: 100 கிராமுக்கு பி1 பழுப்பு அரிசியில 0.27 மில்லிகிராம், வெள்ளைப் புழுங்கல்ல 0.17, வெள்ளைப் பச்சரிசியில 0.05. பழைய சென்னை மாகாணத்துலயே பெரிபெரி தலைவிரிச்சு ஆடினது வடசர்க்கார் பகுதியில, அதாவது இப்போதைய ஆந்திரக் கடலோரத்துல. அங்க மில்லுல தீட்டின பச்சரிசி. தமிழ் ஜில்லாக்கள்ல புழுங்கல். நம்ம பாட்டன்மார் விஞ்ஞானம் படிச்சுட்டு நெல்லை அவிச்சாங்கன்னு நான் கதை விட மாட்டேன். அவிச்சா அரிசி உடையாது, பூச்சி அடிக்காதுன்னு அவிச்சாங்க. பலன் சேர்ந்து வந்துச்சு.

இதை எல்லாம் ஆராய்ஞ்ச இடம் நம்ம குன்னூர். ராபர்ட் மெக்காரிசன் 1918ல அங்க பெரிபெரி ஆராய்ச்சிக்குன்னு ஒரு சின்ன இடத்துல ஆரம்பிச்சதுதான் பின்னால 1958ல ஹைதராபாத்துக்குப் போய் இன்னிக்கு தேசிய ஊட்டச்சத்து நிறுவனமா நிக்குது. அவர் இந்தியாவோட ஒவ்வொரு பகுதிச் சாப்பாட்டையும் எலிக்குப் போட்டு வளர்த்தார். சீக்கியர் சாப்பாட்டு எலி 235 கிராம், 'மதராசி' சாப்பாட்டு எலி 155 கிராம், கடைசி ரேங்க். நம்ம மானம் எலியால போச்சு. ஆனா அந்த எலிப் படத்தைப் போட்டு 'பாத்தீங்களா அரிசியோட லட்சணம்'னு எழுதறவங்ககிட்ட எனக்குச் சண்டை உண்டு. சீக்கியர் தட்டுல பால், வெண்ணெய், பருப்பு, கீரை எல்லாம் இருந்துச்சு. மதராசி தட்டுல அது கிட்டத்தட்ட இல்ல. ஏழைத் தட்டுக்கும் பணக்காரத் தட்டுக்கும் நடந்த போட்டி அது. அரிசி மேல மட்டும் பழி போடறது அநியாயம்.

ஜப்பான்காரங்க இந்தப் பஞ்சாயத்தை இன்னும் ஒரு படி மேல கொண்டு போனாங்க. முழு பழுப்பு அரிசி செரிக்க சிரமம், வெள்ளை அரிசியில பி1 இல்ல, நடுவுல ஏதாவது உண்டான்னு யோசிச்சு, 1920கள்ல டோக்கியோ ஏகாதிபத்தியப் பல்கலைக்கழகத்து ஷிமாசோனோ ஜுன்ஜிரோ ஒரு வழி சொன்னார். தவிட்டுத் தோலை நீக்கிடு, முளையை மட்டும் விட்டு வை. பேரு 'ஹைகாமாய்', முளை அரிசின்னு சொல்லலாம். நூத்துக்கு எண்பது அரிசியிலயாவது முளை ஒட்டியிருக்கணும்ங்கறது அங்க கணக்கு. இன்னொரு பக்கம் அரசு ஊட்டச்சத்து நிலையத்துத் தலைவர் சைக்கி தடாசு "அதெல்லாம் வேணாம், எழுபது சதவீதம் தீட்டினா போதும்"னு நின்னார். டாக்டருங்களுக்குள்ள பெரிய சண்டை. கடைசியில 1939 டிசம்பர்ல போர்க்கால அரசாங்கம் முழு வெள்ளை அரிசிக்குத் தடையே போட்டு, எழுபது சதவீதத்துக்கு மேல தீட்டக் கூடாதுன்னு சொல்லிடுச்சு. நாட்டுல அரிசி பத்தல, அதான் நிஜக் காரணம்.

முளை அரிசி எனக்குப் பிடிச்ச யோசனை. தோல் போனதால சீக்கிரம் வேகும், மெல்லவும் லேசு, குழந்தையும் வயசானவங்களும் முகம் சுளிக்காம சாப்பிடுவாங்க, பி1 இருக்கும். பல்லு போனவங்க இருக்கிற வீட்டுக்கு இது நல்ல தீர்வு. ஆனா எங்க ஊர்ப் பிரச்சினை இன்னிக்கு பெரிபெரி இல்லையே, சர்க்கரையாச்சே!

சர்க்கரைக்கு தோல் முக்கியம். சென்னையில மெட்ராஸ் நீரிழிவு ஆராய்ச்சி நிறுவனத்துல டாக்டர் மோகன் குழு இதைத் தொடர்ந்து ஆராய்ஞ்சிருக்காங்க. சென்னைவாசிகள் ஒரு நாள்ல சாப்பிடற கலோரியில கிட்டத்தட்ட பாதி தீட்டின தானியம்தான், அதுல பெரும்பங்கு வெள்ளை அரிசின்னு 2009ல சொன்னாங்க. பொன்னி அரிசியோட கிளைசீமிக் குறியீடு 70ன்னு 2012ல அளந்தாங்க. அப்புறம் ஒரே ரக அரிசியைக் கொஞ்சம் கொஞ்சமா தீட்டிப் பார்த்தாங்க. தீட்டாதப்போ 58 கிட்ட. எடையில 2.3 சதவீதம் மட்டும் தீட்டினதுமே 73. 4.4 சதவீதம் தீட்டினா 80 கிட்ட. 'லேசா தீட்டினது'ன்னு கடையில விக்கிறாங்களே, சர்க்கரைக்காரங்களுக்கு அதுல பெரிய லாபம் இல்லைங்கறதுதான் இதுக்கு அர்த்தம்.

2014ல அதிக எடை உள்ளவங்களுக்கு அஞ்சு நாள் பழுப்பு அரிசி கொடுத்தப்போ ரத்தச் சர்க்கரை ஏற்றம் சுமார் 20 சதவீதம் குறைஞ்சுது. இந்த ஒரு வரியை எல்லா ஆர்கானிக் கடையும் போர்டுல எழுதி வச்சிருக்கு. 2019ல வந்த முடிவை யாரும் எழுதறதில்ல. 166 பேருக்கு மூணு மாசம் கொடுத்துப் பார்த்தா, மொத்தமா எடுத்துக்கிட்டா சொல்லிக்கிற வித்தியாசம் வரல. ஏற்கனவே தொப்பை, பிபி, கொழுப்புன்னு சிக்கல்கள் சேர்ந்து இருந்தவங்களுக்கு மட்டும் மூணு மாச சராசரிச் சர்க்கரை கொஞ்சம் இறங்குச்சு. அதனால மாத்திரையை நிறுத்திட்டு கைக்குத்தல் சாப்பிடறேன்னு யாராவது கிளம்பினா, தயவு செஞ்சு வேணாம். எங்க ஊர்லயே அப்படி ரெண்டு பேர் கிளம்பி டாக்டர்கிட்ட வாங்கிக் கட்டிக்கிட்டாங்க.

சரி, என் கருத்து என்ன? கலோரி விஷயத்துல கைக்குத்தல் அரிசியும் வெள்ளை அரிசியும் ஒண்ணுதான். இளைக்கிற மருந்தும் இல்ல, தெம்பைத் திருடற பிசாசும் இல்ல. நார், பி1, நிதானமா ஏறுற சர்க்கரை, இந்த மூணுக்கு அதைச் சாப்பிடலாம். அளவு குறையாம எந்த அரிசி சாப்பிட்டும் சர்க்கரை குறையாது. நாலு கரண்டியை ரெண்டரை ஆக்கிட்டு மீதி இடத்துல பருப்பும் காயும் வச்சா, அரிசி வெள்ளையா பழுப்பாங்கறது ரெண்டாவது கேள்வி ஆயிடும்.

ஆனா எனக்கு நிஜமாவே கோபம் வர்ற இடம் விலை. தீட்டற வேலை ஒண்ணு குறையுது. 100 கிலோ நெல்லுக்கு அரசாங்கக் கணக்குல மில்லுக்காரர் திருப்பித் தரவேண்டியது பச்சரிசின்னா 67 கிலோ, புழுங்கல்னா 68 கிலோ. உமி மட்டும் நீக்கினா 78 கிலோ கிட்ட நிக்கும். வேலை கம்மி, சரக்கு அதிகம், அப்போ விலை குறையணுமா கூடணுமா? காஞ்சிபுரத்துல ஒரு கடையில வெள்ளைப் பொன்னியைவிட கைக்குத்தல் பொன்னி கிட்டத்தட்ட ரெண்டு மடங்கு. கேட்டா "ஹெல்த் சார்"ங்கறார். கூலி நெசவாளி எப்படி வாங்குவார்? ஒரு காலத்துல இல்லாதவங்க சாப்பாடா இருந்தது இப்போ கார்ல வர்றவங்க சாப்பாடு ஆயிடுச்சு.

மில்லுக்காரங்க பக்கமும் நியாயம் இருக்கு, மறைக்க மாட்டேன். தவிட்டுல எண்ணெய் இருக்கு. உமி நீங்கினதும் தவிட்டுல இருக்கிற நொதி அந்த எண்ணெயைச் சிதைக்க ஆரம்பிச்சுடும். சில மாசத்துல சிக்கு வாடை. வண்டும் முதல்ல அங்கதான் வரும். கிடங்குல வருஷக் கணக்குல அடுக்கி வைக்க வெள்ளை அரிசிதான் தோது. நீக்கின தவிடும் வீணாகல, எண்ணெய் ஆகுது, மாட்டுக்குப் போகுது. ஆனா இதுக்கும் நம்ம ஊர் வழி இருக்கு. அவிச்சா அந்த நொதி செத்துடும். தீட்டாத புழுங்கல், தீட்டாத பச்சரிசியைவிட நல்லா தாங்கும். மழைக்கும் வெயிலுக்கும் தறி நிக்காத மாதிரி.

2011 ஜூன்ல இருந்து தமிழ்நாட்டு ரேஷன்ல அரிசி இலவசம். நல்ல விஷயம், எங்க ஊர்ல அதனால அடுப்பு எரியற வீடுகள் நிறைய. 2021 ஆகஸ்ட் 15 அன்னிக்குப் பிரதமர் செறிவூட்டின அரிசியை எல்லாத் திட்டத்துலயும் கொடுப்போம்னு அறிவிச்சார். அரிசி மாவுல இரும்பு, ஃபோலிக் அமிலம், பி12 கலந்து அரிசி மாதிரியே செஞ்சு நூத்துக்கு ஒண்ணு கலக்கறது. ரேஷன் கடை வாசல்ல அதைப் பார்த்து 'பிளாஸ்டிக் அரிசி'ன்னு நம்ம ஜனங்க அலறினது தனி காமெடி. ரத்தசோகைக்கு அது உதவும்னு சொல்றதை நான் மறுக்கல. தவிட்டுல பி12 கிடையாது, அதுல இருக்கிற இரும்பும் சரியா உடம்புல சேராது, அதுவும் தெரியும். ஆனாலும் முதல்ல மெஷின் வச்சு உரிச்சுட்டு, அப்புறம் இன்னொரு மெஷின் வச்சு ஒட்டறதைப் பார்த்தா ஒரு நெசவாளிக்குச் சிரிப்பு வராதா? பாவைப் பிரிச்சுட்டு மறுபடி முடிச்சுப் போடற வேலை.

கேக்கறது ஒண்ணுதான். ரேஷன் கடையில வேணுங்கற கார்டுக்கு மட்டும் மாசம் அஞ்சு கிலோ தீட்டாத புழுங்கல் கொடுத்துப் பார்க்கலாம். எல்லாருக்கும் திணிக்க வேணாம். திணிச்சா அது மாட்டுக்குத்தான் போகும். சர்க்கரை உள்ள வீடு கேட்டு வாங்கட்டும். பக்கத்து மில்லுல அவிச்சு, ரெண்டு மாசத்துக்குள்ள தீர்ற அளவுக்கு மட்டும் உமி நீக்கினா சிக்கு வாடைப் பேச்சும் வராது. ஏரிப் பாசன நெல்லு இங்கயே இருக்கு, சாப்பிடற வாயும் இங்கயே இருக்கு.

வாங்கிச் சமைக்கிறவங்களுக்கு: ராத்திரியே ஊற வைங்க, குக்கர்ல தண்ணி ஒரு பங்கு கூட வைங்க, கஞ்சியை வடிச்சுக் கொட்டாதீங்க, பி1 அதுலதான் கரைஞ்சு போகுது. முதல் வாரம் பாதிக்குப் பாதி வெள்ளையோட கலந்து ஆரம்பிக்கலாம். வேகற நேரம் வேற வேறங்கறதால தவிட்டு அரிசியை முன்னாடியே அடுப்புல ஏத்திடணும். பாக்கெட் வாங்கும்போது பத்து அரிசியை உள்ளங்கையில கொட்டி மூலையைப் பாருங்க. மஞ்சளா ஒரு புள்ளி இருந்தா முளை இருக்கு. பள்ளம் இருந்தா அது வெறும் நிறம் மங்கின வெள்ளை அரிசி, கடைக்காரர்கிட்டயே திருப்பிக் கொடுத்துடுங்க.

பி.கு: காஞ்சிபுரம் இட்லிக்கு தவிட்டு அரிசி போடலாமான்னு போன பதிவுல ஒரு நண்பர் கேட்டிருந்தார். வீட்ல ஒரு தடவை போட்டோம். மிளகு, சீரகம், சுக்கு, மந்தாரை இலை எல்லாம் அதன் பாட்டுக்கு இருந்துச்சு, இட்லிதான் எழும்பல. எங்க அத்தை அதை உப்புமாவா உதிர்த்து தாளிச்சுக் கொடுத்தாங்க, அது பிரமாதம்.